‘ஆற்று மணல்’ என்று விற்கிற கடற்கரை மணல்: யாழ்ப்பாணத்தில் மீன்தொட்டி வைப்பவர்கள் கவனம்

யாழ் நகரப் பக்கம் மீன் சாமான் விற்கிற கடையொன்றில் “கழுவின ஆற்று மணல், எந்த மீனுக்கும் போடலாம்” என்று சொல்லி 25 கிலோ உரப்பை ஒன்றைத் தலையில் கட்டினார்கள். பையில் பெயரும் இல்லை, மணல் எங்கே அள்ளினது என்ற விவரமும் இல்லை. கேட்ட பிறகுதான் பில் வந்தது, அதுவும் துண்டுக் கடதாசியில். கொட்டிப் பார்த்தால் ஈரம், உப்பு, சிப்பித்தூள் மூன்றும் சேர்ந்த கடற்கரை மணல். திருப்பிக் கொண்டுபோனதற்குக் கிடைத்த பதில்: “இஞ்ச கிணத்துத் தண்ணியே சுண்ணாம்புத் தண்ணி. மணல் புதுசா என்ன செய்யப்போகுது?”

இந்தப் பதிலை நம்பிப் பேசாமல் போகிறவர்கள் கனபேர். அதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். குடாநாட்டின் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே சுண்ணாம்பைத் தாங்குமட்டும் கரைத்து வைத்திருக்கிறது. சிப்பியும் சுண்ணாம்புதான், ஆகவே அந்தத் தண்ணீரில் சிப்பி மணலைப் போட்டால் மேலதிகமாகப் பெரிதாக ஒன்றும் கரையாது. ஆனால் நியோன் டெற்றா, டிஸ்கஸ், கோரிடோராஸ் போன்ற, சுண்ணாம்பு குறைந்த மென்தண்ணீர் விரும்புகிற மீன்களை வளர்க்கிறவர் கிணற்றுத் தண்ணீரையா ஊற்றுகிறார்? காசு கொடுத்து ஆர்.ஓ. (உப்பும் சுண்ணாம்பும் வடித்தெடுத்த) தண்ணீர் வாங்குகிறார், அல்லது மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிறார். அந்த மென்தண்ணீர்தான் சிப்பியை அரிக்கும். மரக்கட்டையோ செடிக்குக் காபனீரொட்சைட்டோ தொட்டியில் இருந்தால் இன்னும் கெதியாக அரிக்கும். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றினாலும் பீஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) திரும்ப 8 பக்கம் ஏறும். வாங்கின ஆர்.ஓ. தண்ணீர் வீண்.

ஆகவே மணலைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்துச் சோதிக்காதேங்கோ. எந்த மணலும் அதில் நல்ல மணலாகத்தான் தெரியும்.

முதல் சோதனை வினாகிரி. இதிலேயும் ஒரு ஏமாற்று இருக்கிறது. காய்ந்த மணலில் எதை ஊற்றினாலும் இடையில் நின்ற காற்று குமிழாக மேலே வரும். கடைக்காரர் அதைக் காட்டி “தண்ணி ஊத்தினாலும் குமிழி வரும்தானே” என்பார். மணலை முதலில் தண்ணீரில் நனைத்து, ஒரு கரண்டியால் கிளறிக் காற்றைப் போக்கி, தண்ணீரை வடித்துவிட்டு, அதன் பிறகு இரண்டு மூன்று மேசைக்கரண்டி வினாகிரி விடுங்கோ. கண்ணாடிக் கோப்பையைக் காதுக்குக் கிட்டப் பிடித்தால் மெல்லிய சீறல் கேட்கும். வெளிச்சத்தில் பார்த்தால் குறிப்பிட்ட சில வெள்ளைத் துணுக்குகளிலிருந்து மட்டும் நூல்போலக் குமிழ் எழும்பும். சிப்பி அதுதான். குவாட்ஸ் (படிகக்கல்) துணிக்கைகள் சும்மா கிடக்கும். பெரிய சிப்பித் துண்டுகள் என்றால் அரித்து எடுக்கலாம். தூளாகக் கலந்திருந்தால் எடுக்க வழியில்லை.

இரண்டாவது, போத்தல் சோதனை. ஒரு கோப்பை மணலுக்கு இரண்டு கோப்பை ஆர்.ஓ. தண்ணீர். மணல் இல்லாத இன்னொரு போத்தலையும் பக்கத்தில் வையுங்கோ. பத்து நிமிடத்தில் ரி.டி.எஸ். மீற்றர் (தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற கருவி) எகிறினால் அது உப்பு. தண்ணீரை ஊற்றிவிட்டு, மணலை மூன்று நாலு தரம் அலசி, புதுத் தண்ணீர் விட்டு ஒரு கிழமை வையுங்கோ, தினம் ஒருதரம் குலுக்குங்கோ. உப்பு அலசலோடு போய்விடும், சுண்ணாம்பு போகாது. மற்றப் போத்தலைவிடச் சில புள்ளிகள் கூடியிருந்தால் பரவாயில்லை. 50, 100 என்று ஏறி, பீஎச்சும் 8ஐத் தொட்டால் அந்த மணல் மென்தண்ணீர்த் தொட்டிக்கு ஆகாது.

மணியின் அளவும் பார்க்கவேண்டும். 0.5 முதல் 1 மில்லிமீற்றர் வரை இருந்தால் நல்லது. மணற்காட்டுப் பக்கத்து மணல் காற்று அள்ளிக் குவித்தது, மிக நுண்மையானது. அது தொட்டியில் இறுகிப் படியும், அடியில் ஒட்சிசன் போகாமல் கறுத்துக் கூழ்முட்டை மணக்கும். மா அரிதட்டில் முழுதும் கொட்டுண்டு போகிற மணலை வாங்காதேங்கோ. உடைத்த கல்லின் தூளும் வேண்டாம்: விளிம்பு கூர், கோரிடோராஸின் மீசை தேய்ந்துபோகும். உள்ளூர்க் கல்லை உடைத்தது என்றால் அதுவும் சுண்ணாம்புதான்.

கறுப்புத் துணிக்கை கூடின மணலில் காந்தத்தைப் பிடித்துப் பாருங்கோ. புல்மோட்டைக் கனிம மணலில் இருக்கிற இல்மனைற்று என்ற கறுப்பு இரும்புக் கனிமம் போன்றவை வடகிழக்குக் கரையில் ஆங்காங்கே கலந்திருக்கும். காந்தத்தில் ஒட்டுகிறது பம்பின் காந்தச் சுழலியிலும் ஒட்டும். கண்ணாடி துடைக்கிற காந்தத்துக்குள் அகப்பட்டால் கீறல் நிச்சயம். நிறம் பூசின மணலுக்கு, ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் பார்த்தால் போதும்.

எவ்வளவு வேண்டும்? தொட்டியின் நீளம், அகலம், போடப்போகிற மணலின் உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லீற்றர். காய்ந்த மணல் லீற்றருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. 90 தர 45 தொட்டியில் 4 சென்ரிமீற்றர் போட 16 லீற்றர், அதாவது 24, 25 கிலோ. 60 தர 30 தொட்டிக்கு 11 கிலோ. ஈரமணலை நிறுத்துத் தந்தால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு. ஒரு கிலோவைத் தாச்சியில் வறுத்துத் திரும்ப நிறுத்தால் எவ்வளவு போயிற்று என்று தெரிந்துவிடும்.

“கழுவினது” என்ற பேச்சை நம்பவேண்டாம். வாளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மணல் போடாமல், அடிவரை கையை விட்டுக் கிளறிக் கிளறிக் கலங்கலை ஊற்றுங்கோ. தண்ணீர் தெளியும்வரை, பத்துப் பதினைந்து தரமாவது. சவர்க்காரம் கூடாது. கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும், கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ.வில். தொட்டியில் பரப்பி, மேலே ஒரு கோப்பை வைத்து அதன்மேல் மெல்லத் தண்ணீர் விடுங்கோ. கலங்கல் அடையும்வரை பில்டரைப் போடாதேங்கோ. அதன் வாய் மணலிலிருந்து 5 சென்ரிமீற்றராவது உயரத்தில் நிற்கட்டும். மணலுக்குக் கீழே வைக்கிற தட்டு பில்டர் அடைத்துப்போகும், அதை மறந்துவிடுங்கோ.

வாங்கும்போது பில்லில் ‘ஆற்று மணல், சிப்பி இல்லாதது’ என்று எழுதிக் கேளுங்கோ. எழுதத் தயங்கினால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கோ. கழுவ முன்னர் ஒரு பிடியை அப்படியே கட்டி வையுங்கோ, கழுவின மணலை வைத்து முறையிட ஏலாது. கடை மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், காசும் வராது என்றால், உப்புப் போக அலசி மொலி, கப்பி, மலாவி சிக்லிட் தொட்டிக்குப் போடுங்கோ. அவற்றுக்குக் கடினத் தண்ணீர் பிடிக்கும், கிணற்றுத் தண்ணீரையே விடலாம்.