ஏஜென்ட் படிக்கும் அமைப்புக் கோப்பு: யாமலா, டாமலா?

யாமல் (YAML), டாமல் (TOML) இரண்டும் ஒரு நிரலின் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பு வடிவங்கள். ஏஜென்ட் (தானே வேலை செய்யும் ஏஐ நிரல்) பயன்படுத்தும் கருவிக்கு ஆவணம் எழுதும்போது யாமலுக்குத்தான் அதிகப் பக்கம் பிடிக்கும். யாமலைப் படிக்கும் பைத்தான் நூலகமான பையாமல் (PyYAML), யாமல் 1.1 விதிப்படி நடக்கிறது: மேற்கோள்குறி இல்லாத 'நோ' (no) பொய் மதிப்பாகிவிடும் (False); பதிப்பு எண் 3.10 தசமமாகி 3.1 என்று வரும். ஒரே சாவி (மதிப்புக்கு முன்னால் வரும் பெயர்) இரண்டு முறை இருந்தால் சத்தமில்லாமல் கடைசியை எடுத்துக்கொள்ளும். பிழைச்செய்தியைப் பார்த்துத்தான் ஏஜென்ட் தன்னைத் திருத்திக்கொள்கிறது. செய்தியே வராத தவறு அதன் கண்ணில் படாது. எனவே இந்த மூன்றையும் உள்ளீடு, வெளியீட்டு எடுத்துக்காட்டோடு எழுதியே ஆகவேண்டும்.

டாமலில் சரத்துக்கு (எழுத்தாக வரும் மதிப்புக்கு) மேற்கோள்குறி கட்டாயம். சாவி இரட்டித்தால் உடனே பிழை. (வெறும் 3.10 இங்கும் தசமம்தான்.) டாமலைப் படிக்கும் டாம்லிப் (tomllib) நூலகம் பைத்தான் 3.11 முதல் பைத்தானுடனேயே வருகிறது. கோப்பை பைனரி முறையில் திறக்காவிட்டால் டைப்எரர் (TypeError) என்ற பிழை வரும். டாம்லிப் படிக்க மட்டுமே. குறிப்புரைகள் அழியாமல் திருத்தி எழுத டாம்ல்கிட் (tomlkit) என்ற தனி நூலகம் வேண்டும்.