பதிலடியா, மௌனமா, சாந்தமா?

ஒரு கிறிஸ்தவருக்கு அநியாயம் நடக்கிறது. அவர் திருப்பி அடிக்கலாம். வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிப் போகலாம். அல்லது சாந்தமாக எதிர்கொள்ளலாம். நம் சபைகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகவே நினைக்கிறோம். யார் என்ன சொன்னாலும் பதில் பேசாதவரைப் பார்த்து "எவ்வளவு சாந்தமானவர்" என்கிறோம். இந்தக் குழப்பத்தால் அடிபடுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க நினைக்கிறேன்.

பதிலடிக்கு 1 சாமுவேல் 25-ஆம் அதிகாரத்து தாவீதே போதும். கர்மேலில் நாபாலுக்கு 3,000 ஆடுகளும் 1,000 வெள்ளாடுகளும் இருந்தன. வனாந்தரத்தில் அவற்றுக்குக் காவலாக இருந்தவர்கள் தாவீதின் ஆட்கள். மயிர் கத்தரிக்கும் நாளில் கொஞ்சம் உணவு கேட்டு ஆளனுப்பினால், "தாவீது என்பவன் யார்?" என்று நாபால் எகிறுகிறான். உடனே 400 பேர் பட்டயத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளையும் மிஞ்சக்கூடாது என்பது தாவீதின் சபதம்.

தாவீதின் மனக்குறையில் பொய் இல்லை. நன்றிகெட்டவனைப் பார்த்துக் கோபம் வரத்தான் செய்யும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்ற வேஷமும் பதிலடியில் கிடையாது. ஆனால் அந்தப் பட்டயம் யார்மேல் விழுந்திருக்கும் என்று பாருங்கள். "அந்த மனுஷர் எங்களுக்கு மிகவும் நல்லவர்களாக இருந்தார்கள், இரவும் பகலும் மதிலைப்போல் இருந்தார்கள்" என்று நாபாலின் மனைவி அபிகாயிலிடம் ஓடிப்போய்ச் சொன்னவன் நாபாலின் வேலைக்காரன். தாவீதுக்காகச் சாட்சி சொன்ன அவனும் அன்றிரவு செத்திருப்பான். பதிலடிக்கு ஆள் பார்த்து நிறுத்தத் தெரியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இதற்கு முந்தின அதிகாரத்தில் எங்கேதிக் குகையில் சவுல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, அவனுடைய சால்வையின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டு விட்டுவிட்டவன் இதே தாவீதுதான். உயிரைத் தேடிய ராஜாவிடம் பொறுமை இருந்தது. ஒரு பணக்காரனின் வாய்க்கொழுப்பிடம் அது பறந்துவிட்டது. ஆக, சாந்தம் பிறவிக் குணம் இல்லை. நேற்று இருந்தது என்பதற்காக இன்றும் இருக்கும் என்று நம்ப முடியாது.

அடுத்து மௌனம். ஆசாரியன் ஏலி நல்ல மனிதர், மென்மையானவர். அவருடைய மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசாரியர்கள்தான்; பலியிட வந்தவர்களிடம் இறைச்சியைப் பலவந்தமாகப் பறித்தார்கள். ஆசரிப்புக் கூடாரத்து வாசலில் கூடின பெண்களிடம் தவறாக நடந்தார்கள். ஏலி கண்டுகொள்ளாமல் இருந்தார் என்று சொல்ல முடியாது, "என் குமாரரே, வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். அதோடு சரி. அவர்களைப் பதவியிலிருந்து இறக்கவில்லை, தடுக்கவும் இல்லை. பிள்ளைகளை அடக்காமற்போனதுதான் அவர்மேல் கர்த்தர் வைத்த குற்றச்சாட்டு. ஏலியின் மென்மைக்கு விலை கொடுத்தவர்கள் பலி கொண்டுவந்த ஏழைகளும் அந்தப் பெண்களும்தான். மௌனம் கடைசிவரை வலிக்காத வழிபோலத் தெரிவதற்குக் காரணம், வலியை வேறொருவர் சுமப்பதே.

இப்போது மோசே. பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12 அவரைச் சொல்வது, கூடப்பிறந்த மிரியாமும் ஆரோனும் அவருக்கு விரோதமாகப் பேசின இடத்தில். தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. மிரியாமுக்குக் குஷ்டம் பிடித்ததும் அவளுக்காகக் கெஞ்சுகிறார். ஆனால் இதே மோசேதான் ஜனங்கள் செய்து வணங்கின பொற்கன்றுக்குட்டியைக் கண்டு கோபமூண்டு கற்பலகைகளை எறிந்து உடைத்தவர். மறுநாளே, இந்த ஜனத்தை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புத்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்று மன்றாடினவரும் அவர்தான். தன் மானத்துக்குக் கோபம் வரவில்லை. தேவனுடைய காரியத்துக்கு வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளும் ஜனங்களை விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீருக்காக ஜனங்கள் வாக்குவாதம் பண்ணின மேரிபாவில் "கலகக்காரரே" என்று கத்திக் கன்மலையை இரண்டுதரம் அடித்தபோது அவரும் சறுக்கினார், கானானுக்குள் போகமுடியாமல் போயிற்று.

இயேசுவையும் இங்கே பார்க்க வேண்டும். பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அறைந்தபோது அவர் திருப்பி அடிக்கவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. நான் தகாததைப் பேசினேன் என்றால் காட்டு, இல்லையென்றால் ஏன் என்னை அடிக்கிறாய் என்று நேராகக் கேட்டார்.

நம் காலத்துக்கு வந்தால், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடின போதகர் மார்ட்டின் லூதர் கிங். 1956 ஜனவரி 30 அன்று மாண்ட்கோமரியில் அவர் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். இருவரும் தப்பினார்கள். ஆயுதங்களோடு கூடிய ஜனங்களை வீட்டு முகப்பில் நின்று அமைதிப்படுத்தித் திருப்பியனுப்பினார். ஆனால் பேருந்துகளில் கறுப்பரைப் பிரித்து உட்காரவைப்பதை எதிர்த்து நடந்த புறக்கணிப்பை ஒரு நாள்கூடத் தளர்த்தவில்லை. நீதிமன்றத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்த டிசம்பர் வரை அது நடந்தது. பதிலடிக்காரர் அந்த இரவில் நகரத்தை எரியவிட்டிருப்பார், மௌனக்காரர் மறுநாள் பேருந்தில் ஏறியிருப்பார்.

அப்புறம், எனக்கு அதிகம் உறுத்துகிற விஷயம். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனைப் பற்றி ஒரு பெண் வாய்திறந்தால், "சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி" என்ற பேதுருவின் வார்த்தையை எடுத்து அவள் வாயை அடைக்கிறார்கள். அதைச் சொல்கிறவர்கள் அபிகாயிலைப் படிக்கட்டும். அவள் நாபாலுக்குச் சொல்லாமலே 200 அப்பங்களும் சமைத்த 5 ஆடுகளும் ஏற்றிக்கொண்டு போனாள். தாவீதின் காலில் விழுந்தாள். வீணாய் இரத்தம் சிந்தின குற்றம் உமக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். என் புருஷன் பேலியாளின் மனுஷன், அதாவது பொல்லாதவன் என்பதையும் மறைக்கவில்லை. 400 பட்டயங்கள் உறைக்குத் திரும்பின.

பவுலும் பிலிப்பியில் அடிபட்டு, சிறையிலே பாடினவர்தான். விடிந்ததும் ரகசியமாய்ப் போய்விடு என்று அதிகாரிகள் ஆளனுப்பிச் சொன்னபோது, ரோமக் குடிமக்களான எங்களை விசாரியாமல் அடித்தவர்கள் அவர்களே வந்து வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்தார்கள். அடிக்கிற கணவன்மேல் புகார் கொடுக்க ஒரு சகோதரி காவல் நிலையத்துக்குப் போகும்போது, சபை மூப்பர் ஒருவர் அவளோடு கூடப் போவதில் தவறே இல்லை.