‘சாக்கெட் ஒண்ணுதான் சார்’ என்று சொல்லி விற்றார்கள்: கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வோர் கவனத்துக்கு

பிராசஸர், மதர்போர்டு, கூலர் மூன்றையும் ஒரே கடையில் வாங்கி அங்கேயே மாட்டித் தரச் சொல்லப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) பெயர் ஒன்றாக இருந்தால் எல்லாம் பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னால், அது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் அவருடைய பழைய ஸ்டாக் ஒளிந்திருக்கிறது.

எனக்குத் தேவைப்பட்டது வீடியோ எடிட்டிங்குக்கான கம்ப்யூட்டர். ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) போட்டால் மணிக்கணக்கில் முழு லோடில் ஓடும். அதை யோசித்துத்தான் பட்டியலை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: இன்டெல் கோர் ஐ7-13700கே, இசட்790 சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்) உள்ள போர்டு, இரண்டு ஃபேன் உள்ள பெரிய டவர் கூலர். எல்லாம் இருக்கிறது என்று முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். அசெம்பிள் செய்யும் அன்று அழைப்பு வந்தது.

“சார், அந்த போர்டு ஸ்டாக் முடிஞ்சிடுச்சு. எச்610 போட்டுடறோம். சாக்கெட் ஒண்ணுதான், உங்க பிராசஸர் அப்படியே உக்காரும். கூலரும் வேற மாடல், ஆனா எல்லா இன்டெல்லுக்கும் பொருந்தும்.”

முழு லோடில் தாங்குமா என்று கேட்டேன். தாங்கும், கேரண்டி என்றார்கள். எழுதி அனுப்பச் சொன்னேன், எழுதியும் அனுப்பினார்கள். அந்த மெசேஜ்தான் பிறகு எனக்குக் கைகொடுத்தது.

வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டரில் ஃபேன் சுழன்றது, விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. பிராசஸர் சாக்கெட்டில் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் போர்டில் இருந்த பயாஸுக்கு, அதாவது கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளுக்கு, அந்தப் பிராசஸரையே தெரியாது. எல்ஜிஏ 1700 சாக்கெட் 2021 கடைசியில் 12-ஆம் தலைமுறையோடு வந்தது. 13-ஆம் தலைமுறை 2022 அக்டோபரில்தான் வெளியானது. அதற்கு முன்பே தயாராகிப் பெட்டிக்குள் கிடந்த, எச்610 உள்ளிட்ட 600 வரிசை போர்டுகளுக்குப் புது பயாஸ் ஏற்றியே ஆக வேண்டும். கடையில் ஒருமுறை ஆன் செய்து பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும். சோதித்துத்தான் அனுப்பினோம் என்று சாதித்தார்கள். பயாஸ் ஏற்றித் தர ‘சர்வீஸ் சார்ஜ்’ வேறு வாங்கினார்கள். அவர்கள் விற்ற போர்டு, அவர்கள் விற்ற பிராசஸர், இரண்டையும் பேசவைக்க நான் தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமாம்!

இதைவிட மோசமான ஒன்றை அப்புறம்தான் பார்த்தேன். திரை தெரிவதற்கு எந்தப் பதிப்பு போதுமோ அதை மட்டும் ஏற்றிவிட்டு விட்டிருந்தார்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டு, நாளடைவில் சிப்பே பழுதாகும் பிரச்சினை இருந்தது. அதைத் தடுக்க 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடும் (பிராசஸருக்குள் ஓடும் திருத்தக் குறியீடு), செப்டம்பரில் 0எக்ஸ்12பி-யும் வந்தன. இவை பயாஸ் வழியாகத்தான் போர்டுக்குள் வரும். எனக்குத் தந்த பயாஸில் இரண்டும் இல்லை. 13700கே மாதிரி பிராசஸரை விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. இந்த வரிசைப் பிராசஸர் வைத்திருக்கும் எல்லோரும் இன்றே போர்டு நிறுவனத்தின் தளத்துக்குப் போய் கடைசி பயாஸை ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்கனவே பழுதான சிப்பை எந்த பயாஸும் சரிசெய்யாது. அதனால்தான் இன்டெல் இவற்றுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது.

சரி, திரை வந்துவிட்டது, வேலையைத் தொடங்கலாம் என்று ரெண்டர் போட்டேன். சில விநாடிகளில், பிராசஸரின் சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் 100 டிகிரி காட்டியது. 13700கே-யின் உச்ச வரம்பே 100 டிகிரி செல்சியஸ்தான். அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டிய கோர்கள் 3-ஐ ஒட்டித் தடுமாறின. கடைக்குச் சொன்னால், “கே பிராசஸர்னா சூடாகத்தான் சார் இருக்கும், ஏசி போட்டுக்குங்க” என்று பதில் வந்தது.

கூலரை நானே கழற்றினேன். அதன் அடியில் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை. சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு ஓரத்தில் மட்டும் நசுங்கி மெல்லிய படலமாகப் பரவியிருந்தது. எதிர் ஓரத்தில் டியூபிலிருந்து பிதுக்கியபடியே, மொத்தையாக, யாரும் தொடாத மாதிரி நின்றது. பிராசஸரின் கிட்டத்தட்டப் பாதிப் பரப்பில் உலோகத்தோடு உலோகம் சேரவே இல்லை. கூலரின் நான்கு பிளாஸ்டிக் புஷ் பின்களில் இரண்டு வெளிப்பக்கமாக வளைந்து, நுனி வெளுத்துப் போயிருந்தன.

ஸ்கேலை எடுத்து அளந்தேன். கூலரின் பின்கள் 75 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் செய்தவை. அது முந்தைய சாக்கெட்டுகளான எல்ஜிஏ 1151, 1200 காலத்து அளவு. எல்ஜிஏ 1700 போர்டில் துளைகளின் இடைவெளி 78 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர்தானே என்று அமுக்கி நுழைத்திருக்கிறார்கள். அளவில் மட்டுமா வித்தியாசம்? புதிய சாக்கெட்டில் பிராசஸரின் மேற்பரப்பு பழையதைவிடக் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கும். அதனால் பழைய பிடிமானத்தை எப்படியோ மாட்டிவிட்டாலும் போதுமான அழுத்தம் கிடைக்காது. பார்வைக்கு மாட்டியது போலத்தான் தெரியும், ஆட்டிப் பார்த்தாலும் அசையாது. சூடு மட்டும் கூலருக்குப் போய்ச் சேராது.

எல்ஜிஏ 1700-க்கான மாற்றுப் பிடிமானம் தனியாகவே கிடைக்கும். நாக்டுவா போன்ற நிறுவனங்கள் தங்கள் பழைய கூலர்களுக்கு அதை இலவசமாகவே அனுப்பின. இது மறைபொருள் ஒன்றுமில்லை, தொழில் செய்பவர்களுக்கு அன்றாடச் செய்தி. எனக்குத் தந்த கூலரின் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சாக்கெட் பட்டியலில் 1700 என்ற எண்ணே இல்லை. அதனால் இதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. விற்காமல் கிடந்ததை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

சரியான பிடிமானமே இருந்திருந்தாலும் அந்தக் கூலர் போதாது. 13700கே பெட்டியில் ‘125 வாட்’ என்பதைக் காட்டி விற்பார்கள். அது அடிப்படை வேகத்துக்கான கணக்கு. டர்போவில், அதாவது உச்ச வேகத்தில், ஓடும்போது இன்டெல்லே குறிப்பிடும் உச்ச மின்சக்தி 253 வாட். ஏஎம்டியிலும் இதே கதைதான், அளவு மட்டும் வேறு. ஏஎம்5 சாக்கெட்டுக்கான ரைசன் பிராசஸரில் 65 வாட் என்று போட்டிருந்தால் சாக்கெட் வழியாக 88 வாட் வரை இழுக்கலாம். 105 என்றால் 142, 170 என்றால் 230. கூலரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பெரிய எண்ணைப் பாருங்கள்.

வேறொரு கூலரை இரவல் வாங்கி ஒழுங்காக மாட்டியதும் பிராசஸர் சூடு இறங்கியது. வேகம் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. இந்த முறை தடை மதர்போர்டு. பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதி அந்த போர்டில் சின்னது, அதன் மேல் வெப்பம் கடத்தும் உலோகத் தகடுகூட இல்லை. ரெண்டர் நீள நீள அந்தப் பகுதி கொதித்து, போர்டு தானாகவே பிராசஸரின் மின்சக்தியைக் குறைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு அநியாயமும் உண்டு. கே என்ற எழுத்துக்குத் தனி விலை வாங்குவதே ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்ட) முடியும் என்பதற்காக. எச்610 சிப்செட்டில் அது முடியாது. அதற்கு இசட் வரிசை போர்டு வேண்டும். நான் வாங்கிய பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டியும் இந்த போர்டின் எம்.2 ஸ்லாட்டில் (எஸ்எஸ்டி செருகும் இடம்) அதற்கு முந்தைய 3.0 வேகத்தில்தான் ஓடியது. ‘ஒரு வித்தியாசமும் தெரியாது’ என்று விற்ற போர்டு இது. சாதாரண அலுவலக வேலைக்கு, ஐ3 மாதிரி பிராசஸரோடு எச்610 நல்ல போர்டுதான். அதைக் குறை சொல்லவில்லை. இந்தப் பிராசஸரோடு, இந்த வேலைக்கு அதைக் கட்டி அனுப்பியவர்களைத்தான் சொல்கிறேன்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது முதலில் சொன்னது, பெட்டி பிரித்தாகிவிட்டது, எடுக்க மாட்டோம் என்று. பெட்டியைப் பிரித்ததே அவர்கள்தான். அடுத்து போர்டைக் கையில் வாங்கி உள்ளே எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்து, “சாக்கெட் பின் வளைஞ்சிருக்கு சார், வாரண்டி போச்சு” என்றார்கள். எல்ஜிஏ சாக்கெட்டில் பின்கள் பிராசஸரில் இருக்காது, போர்டில்தான் இருக்கும். தலைமுடியைப் போல மெல்லியவை. ஒன்று வளைந்தாலும் வாரண்டி மறுக்கப்படலாம், யார் வளைத்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கொண்டுபோகும் முன் கூலரையும் பிராசஸரையும் எடுத்துவிட்டு, சாக்கெட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து வைத்திருந்தேன். பின்கள் வரிசை கலையாமல் இருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. படத்தையும் பழைய மெசேஜையும் காட்டிய பிறகுதான் பேச்சு மாறியது. கடைசியில் போர்டுக்கும் கூலருக்குமான தொகையில் ஒரு பகுதியை மட்டும் கழித்துக்கொடுத்தார்கள். சர்வீஸ் சார்ஜ் திரும்பவில்லை.

பில்லைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். எனக்குத் தந்த பில்லில் ‘மதர்போர்டு 1, கூலர் 1’ என்றுதான் இருந்தது. மாடல் பெயரும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. அப்படிப்பட்ட பில்லை வைத்துக்கொண்டு எந்தப் பொருள் மாறிவந்தது என்று வாதாடவே முடியாது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலும் முதலில் கேட்பது சீரியல் நம்பரைத்தான். ஒவ்வொரு பொருளுக்கும் முழு மாடல் பெயரும் சீரியல் நம்பரும் பில்லில் வர வேண்டும் என்று பணம் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள், பிராசஸர் பெட்டியை முக்கியமாக. பெட்டி இல்லாமல் தரும் ‘ட்ரே’ பிராசஸருக்கு வாரண்டி பெரும்பாலும் விற்றவரோடு நின்றுவிடும்.

போர்டு தேர்ந்தெடுக்கும்போது கடைக்காரரின் வாயைப் பார்க்காமல், போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான சிபியு (பிராசஸர்) ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பிராசஸரின் பெயருக்கு நேரே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று போட்டிருக்கும். சாக்கெட் ஒன்றாக இருந்தும் பொருந்தாதவை நிறைய. எல்ஜிஏ 1151 என்ற பெயரில் வந்த 100, 200 வரிசை போர்டுகளில் 8-ஆம் தலைமுறை பிராசஸர் இயங்காது. எல்ஜிஏ 1200-இல் எச்410, பி460 சிப்செட்டுகளுக்கு 11-ஆம் தலைமுறை ஆதரவு கிடையாது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் பழைய பி450 போர்டுக்கு ரைசன் 5000 வேண்டுமானால் பயாஸ் புதுப்பிக்க வேண்டும். ஏஎம்5-இல் பழைய ஸ்டாக் பி650-க்கும் ரைசன் 9000-க்கும் அதே நிலைமை. பிராசஸர் இல்லாமலே பென்டிரைவ் வைத்து பயாஸ் ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை, யாருக்கும் சர்வீஸ் சார்ஜ் தர வேண்டியதும் இல்லை. எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு வகையும் உண்டு. ரேமின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் நுழையாது, பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள்.

ஏஎம்5-க்குப் பழைய ஏஎம்4 கூலரை எடுத்துவைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். போர்டோடு வரும் பேக்பிளேட்டில் (போர்டின் பின்பக்கத் தகடு) மாட்டும் கூலர் என்றால் பெரும்பாலும் பொருந்தும். தனக்கென்று சொந்த பேக்பிளேட் கொண்டுவரும் கூலர் என்றால் பொருந்தாது, ஏஎம்5-இல் போர்டோடு வரும் பின்தகட்டைக் கழற்ற முடியாது. பெரிய டவர் கூலர் என்றால் உயரத்தையும் பாருங்கள். 160 மில்லிமீட்டரைத் தாண்டுபவை உண்டு, சில கேபினெட்டுகளில் பக்கக் கதவு மூடாது.

ஏற்கனவே இப்படி ஒரு செட் வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து, சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளில் மல்டி கோர் சோதனையை 10 நிமிடம் ஓட்டுங்கள். தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைவது) என்ற வரியில் ‘யெஸ்’ என்று வந்தால் கூலரைச் சந்தேகப்படுங்கள். சூடு வரம்புக்குக் கீழேயே இருந்தும் வேகம் போகப் போக இறங்கினால் போர்டின் விஆர்எம்மையும் பயாஸில் உள்ள பவர் லிமிட்டையும் பாருங்கள். திரையை அப்படியே படம் எடுத்துக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். போனில் மட்டும் பேசாதீர்கள்.