பெகாசஸ் எக்ஸ்எல்: விண்வெளிக்கும் ஏவுகுழிக்கும் ஒரே மோட்டார்

நார்த்ராப் கிரம்மன் விற்கும் பெகாசஸ் எக்ஸ்எல் ஏவுவாகனத்தை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் விலையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அதிலுள்ள ஓரியன் மோட்டார்கள், அதாவது திட எரிபொருள் ராக்கெட் எஞ்சின்கள், அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியில் நிலத்தடி ஏவுகுழிகளுக்குள் வேறொரு வேலைக்காகக் காத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் மதிப்பீடு நியாயமாக இருக்கும்.

1990 ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்த பெகாசஸ், விமானத்தின் அடிவயிற்றிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில் விடுவிக்கப்பட்டு, மூன்று திட எரிபொருள் நிலைகளால் சுமார் 450 கிலோ எடையைத் தாழ் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோகிறது. இறக்கையையும் வால்துடுப்புகளையும் நீக்கி, 50 அங்குல விட்டமுள்ள ஓரியன் 50 வகை மோட்டார்கள் இரண்டை அடியிலும் ஓரியன் 38 மோட்டாரை மேலேயும் அடுக்கினால், எதிரி ஏவுகணைகளைத் தடுக்கும் அமெரிக்கத் தரைவழி இடைமறிப்பு ஏவுகணையின் பூஸ்டர், அதாவது அதை மேலே தள்ளும் ராக்கெட் பகுதி, கிடைத்துவிடுகிறது. நீளத்திலும் எடையிலும்கூட இரண்டும் ஏறக்குறைய உடன்பிறப்புகளே.

வேறுபாடு பயணத்தில் இருக்கிறது. செயற்கைக்கோளை ஏற்றிச் செல்லும்போது, இரண்டாம் நிலை அணைந்த பின் வாகனம் எரியாமலே மேலேறி, உச்சியை நெருங்குகையில் மூன்றாம் நிலையை மூட்டி, நொடிக்கு 7.8 கிலோமீட்டர் அளவிலான பக்கவாட்டு வேகத்தைப் பெற வேண்டும். இல்லையேல் சுமை பூமிக்கே திரும்பிவிடும். இடைமறிப்பு ஏவுகணைக்குச் சுற்றுப்பாதை தேவையில்லை. தாக்க வரும் ஏவுகணையின் வெடிமுனை செல்லும் பாதையில் குறித்த கணத்தில் குறித்த புள்ளியை அடைந்து, அதில் நேரே மோதி அழிக்கும் 64 கிலோ அளவிலான மோதுகலத்தை விடுவித்துவிட்டால் பூஸ்டரின் கடமை தீர்ந்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் குழியில் கிடந்தாலும் கட்டளை வந்ததும் அது கிளம்பியாக வேண்டும். ஏவுவாகனத்துக்கோ, வானிலை சரியில்லை என்றால் நாளை என்று தள்ளிவைக்கும் சலுகை உண்டு. 2004 டிசம்பரிலும் 2005 பிப்ரவரியிலும் நடந்த சோதனைகளில் இடைமறிப்பு ஏவுகணை குழியை விட்டே வெளிவரவில்லை. முதல் முறை மென்பொருளும் அடுத்த முறை குழியிலிருந்த தாங்குகரமும் காரணம், மோட்டார்மீது பழியில்லை.

வணிகப் பொருளாகப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. ஐகான் செயற்கைக்கோளின் பெகாசஸ் ஏவுதலுக்கு நாசா சுமார் 5.6 கோடி டாலர் ஒதுக்கியது. பெகாசஸையும் மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட ஐக்ஸ்பி தொலைநோக்கியோ, அதைவிடப் பன்மடங்கு பெரிய ஃபால்கன் 9 ராக்கெட்டில் சுமார் 5 கோடி டாலருக்கு 2021 டிசம்பரில் மேலே போனது. இந்த ஒப்பீட்டுக்குப் பிறகு பெகாசஸை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய சரிவு குறைந்த பாதையோ, ஏவுதளமே இல்லாத கடற்பரப்பிலிருந்து ஏவும் தேவையோ இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஒரு கிலோவுக்கு என்ன செலவு என்று எந்தப் படைத்தலைமையும் கேட்பதில்லை என்பதால், இடைமறிப்பு பூஸ்டராக இதே மோட்டாருக்கு நல்ல மதிப்பெண்ணே தருவேன்.