அறைக்குள் குங்குமப்பூ வளர்க்கப் பணம் கட்டப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடி அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு நடந்தது. "பத்துக்குப் பத்து அறை போதும், காஷ்மீர் குங்குமப்பூ, முதல் ஆண்டே 100 கிராம், விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்வோம்" என்பது விளம்பரம். அங்கே 85,000 ரூபாய் கட்டி ஏமாற்றப்பட்டவர்களில் நானும் ஒருவன். வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெயர் இல்லாவிட்டாலும் குறை இல்லை. இந்த வாக்குறுதியை நாளைக்கு வேறு யார் வந்து சொன்னாலும் கணக்கு இதுதான்.

உலர்ந்த குங்குமப்பூ ஒரு கிராம் கிடைக்கச் சுமார் 150 பூக்கள் வேண்டும். ஒரு பூவில் மூன்றே மூன்று சிவப்பு இழைகள். நல்ல கிழங்கு ஒன்று ஒரு பூ, இரண்டு பூ கொடுக்கும். கொழுத்த கிழங்கானால் மூன்று. எனக்கு விற்ற தொகுப்பில் 10 கிலோ கிழங்கு, ஒவ்வொன்றும் 10 கிராம் என்றார்கள். அதாவது ஆயிரம் கிழங்கு. அத்தனையும் அழுகாமல் முளைத்து, அத்தனையும் மூன்று பூ பூத்தாலும் மூவாயிரம் பூக்கள். 20 கிராம். சாதாரணமாகப் பூத்தால் ஏழிலிருந்து பதின்மூன்று கிராம். அவர்களே சொன்ன கிராமுக்கு 600 ரூபாய் என்ற விலையில் போட்டாலும் எட்டாயிரம் ரூபாய்கூடத் தேறாது. 100 கிராம் என்பது பொய் என்று கண்டுபிடிக்க விஞ்ஞானி தேவையில்லை. ஆனால் அந்த வகுப்பில் மூன்று மணி நேரம் பேசியவர் "ஒரு கிராமுக்கு எத்தனை பூ" என்ற எண்ணை மட்டும் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. காஷ்மீரின் பாம்போர் குங்குமப்பூ வயல்களின் படங்கள், 2020இல் காஷ்மீர் குங்குமப்பூவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி, தங்கத்தோடு விலை ஒப்பீடு என்று எல்லாம் வந்தன. அந்த ஓர் எண் வரவில்லை.

வகுப்பில் எங்கள் கையில் ஒரு கிழங்கு கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பழுப்பு நிற நார் வலை போர்த்திய, நன்றாகத் திரண்ட கிழங்கு. எடை இயந்திரத்தில் வைத்துக் காட்டினார்கள்: 14 கிராம். "இதே சரக்குதான் சார் உங்களுக்கும் வரும்" என்றார் பயிற்சியாளர். செப்டம்பர் முதல் வாரத்தில் வரவேண்டிய சரக்கு அக்டோபர் பாதியில் லாரி சர்வீஸில் வந்தது. காஷ்மீரில் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நட்டு முடித்துவிடுகிறார்கள். அக்டோபர் பாதிக்குமேல் அங்கே பூப் பறிக்கிற காலம். எனக்கு வந்த மூட்டை காற்றுப் போகாத பிளாஸ்டிக் உறையில் வேர்த்துக் கிடந்தது. பிரித்ததும் ஈர மண் வாடையோடு புளித்த வாடை. முளைகள் உள்ளேயே வெளுத்து வளைந்து, பாதி நுனி ஒடிந்திருந்தன. அந்த நுனிக்குள்தான் பூ மொட்டு இருக்கிறது. நுனி ஒடிந்த கிழங்கு அந்த ஆண்டு பூக்காது.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். வெள்ளியை மில்லிகிராம் வரை பார்க்கிற தராசு பட்டறையில் இருக்கிறது. முதலாளியிடம் அனுமதி கேட்டு, மூட்டையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அள்ளிய ஒரு கூடைக் கிழங்குகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். 3.1. 2.8. 4.4. 3.6. எட்டு கிராமைத் தொட்ட கிழங்கு அந்தக் கூடையில் ஒன்றுகூட இல்லை. எட்டு கிராமுக்குக் குறைந்த கிழங்கு பெரும்பாலும் இலை மட்டும்தான் விடும். பூக்கிற கிழங்கைப் பொறுக்கி எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற பொடிக் கிழங்கு அது. பக்கத்தில் பற்றவைத்துக்கொண்டிருந்த ஆசாரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வெள்ளியில் சேதாரம் பார்த்திருக்கிறேன், இதில் எல்லாமே சேதாரமாக இருக்கிறதே" என்றார். மொத்த மூட்டையும் மண்ணோடும் அழுகலோடும் சேர்ந்து 8.6 கிலோதான். எடைக் குறைவுக்கு அவர்கள் சொன்ன காரணம், வழியில் ஈரம் காய்ந்துவிட்டதாம். ஈரம் சொட்டுகிற மூட்டைக்கு இந்த விளக்கம்.

அடுத்தது விளக்கு. தொகுப்பில் "1,000 வாட்" என்று எழுதிய ஊதா நிற எல்இடி விளக்குகள் இரண்டு, தலா 9,000 ரூபாய் என்று பட்டியல். அம்மாபேட்டையில் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் மின்சாரம் அளக்கும் சிறிய மீட்டரைச் சொருகிப் பார்த்தார். 104 வாட் காட்டியது. அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை சொருகினார். அதே 104. இரண்டும் நிஜமாகவே ஆயிரம் வாட் என்றால் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 24 யூனிட் ஓடும். இரண்டு மாதக் கட்டணச் சுற்றில் 1,440 யூனிட். என் வீட்டு மின்கட்டண அட்டையே அந்த எண் பொய் என்பதற்குச் சாட்சி. இந்த மலிவு விளக்குகளில் எழுதியிருக்கிற வாட், உள்ளே இருக்கிற சில்லுகளின் உச்சத் திறனைக் கூட்டிப் போட்ட எண். இழுக்கிற மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த விளக்கில் 'வெஜ்' (இலை வளர), 'புளூம்' (பூ பூக்க) என்று இரண்டு பொத்தான்கள். பெட்டியின் மேல் ஏழு விரல் விரித்த பச்சை இலைப் படம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது கஞ்சா இலை மாதிரி இருக்கிறதே, என்னடா வாங்கி வந்திருக்கிறாய்?" என்று கேட்டார். அம்மாவின் கண் பொய்க்கவில்லை. வெளிநாடுகளில் வீட்டுக்குள் கூடாரம் போட்டுக் கஞ்சா வளர்ப்பவர்களின் சந்தைக்காகச் செய்த விளக்கு அது. கனடாவில் 2018 முதல் அது சட்டப்படி நடக்கிற தொழில். நம் ஊரில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி ஒரு செடி வளர்த்தாலும் குற்றம், ஜாமீனுக்கு அலைய வேண்டும். அந்தச் செடிக்குக் கடும் வெளிச்சம் வேண்டும், அதனால் விளக்குதான் அங்கே பெரிய செலவு. குங்குமப்பூவின் சங்கதியே வேறு. பூ, கிழங்கில் சேமித்த சத்திலேயே வந்துவிடும். அரை இருட்டிலும் பூக்கும். பூத்து முடிந்து இலை ஓடும்போதுதான் வெளிச்சம் வேண்டும், அப்போதுதான் அடுத்த ஆண்டுக்கான குட்டிக் கிழங்கு பருக்கும். அதற்கும் கடையில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற வெள்ளை எல்இடி குழல் விளக்கு நாலைந்து போதுமானது. வெள்ளை ஒளிக்குள்ளேயே சிவப்பும் நீலமும் இருக்கின்றன. தேவையில்லாத விளக்கை, இல்லாத வாட்டோடு, பதினெட்டாயிரத்துக்குத் தலையில் கட்டினார்கள்.

நிஜமாகவே தேவைப்படுவது குளிர். அதைத்தான் தொகுப்பில் விட்டுவிட்டார்கள். கோடையில் கிழங்கு 23 முதல் 27 டிகிரி வெப்பத்தில் இருந்தால்தான் உள்ளே மொட்டு உருவாகும். பிறகு 17 டிகிரி அளவுக்கு இறங்கினால்தான் அந்த மொட்டு வெளியே வரும். காற்றில் ஈரப்பதமும் நன்றாக இருக்க வேண்டும். சாதாரண வீட்டு ஏசி குளிரைக் கொடுக்கும்போதே ஈரத்தை உறிஞ்சிவிடும், ஆகவே ஈரமூட்டும் கருவியும் சேர்ந்து ஓட வேண்டும். இரவும் பகலும், வாரக்கணக்கில். இதைப் பணம் கட்டும் முன்பே கேட்டேன். எங்கள் வீடு கன்னங்குறிச்சியில், மாடி அறையிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். அதைக் கேட்டுக்கொண்டதும் அந்தப் பயிற்சியாளர், "அப்புறம் என்ன சார், ஏற்காடு உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது, குளிர் தானாக இறங்கி வரும்" என்றார். எழுதியும் கொடுத்தார், 'ஏசி கட்டாயமில்லை' என்று. ஏற்காடு இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே. அங்கே ஸ்வெட்டர் போடுகிற இரவில் கீழே கன்னங்குறிச்சியில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். இதைச் சேலத்துக்காரன் எவனும் அறிவான். அவரும் சேலத்துக்காரர்தான். அந்த எழுத்து இப்போது வழக்கில் சான்றாவணம்.

விளைச்சல் பற்றி எழுத அதிகம் இல்லை. ஈர்க்குச்சி போல இலைகள் நிறைய வந்தன. பூ, ஒரு கைக்குள் அடங்குகிற அளவுக்கு. கிராமில் சொல்ல வேண்டுமானால் பட்டறைத் தராசுதான் வேண்டும். ஜனவரிக்குள் கிழங்குகளில் பழுப்புக் குழி விழுந்து பூஞ்சை பிடித்தது. தொலைபேசியில் கேட்டால், "முதல் ஆண்டு பழகும் சார், இரண்டாம் ஆண்டு பாருங்கள்" என்றார்கள். 'முதல் ஆண்டே 100 கிராம்' என்று அச்சடித்த துண்டுப் பிரசுரத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல நிற டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

இனி, எல்லாரும் நம்பிப் பணம் கட்டக் காரணமான மறுகொள்முதல் ஒப்பந்தம். முத்திரைத்தாளில் அடித்து, என் கையெழுத்தை ஒவ்வொரு பக்கத்திலும் வாங்கினார்கள். அவர்கள் பக்கத்தில் ரப்பர் முத்திரை மட்டும், கையெழுத்து இல்லை. நாலாவது பக்கத்தில் பொடி எழுத்தில், ஒரே தவணையில் குறைந்தது 100 கிராம் கொடுத்தால்தான் கொள்முதல் என்று இருக்கிறது. மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். அவர்கள் கொடுக்கிற கிழங்கில் 20 கிராமுக்கு மேல் எந்த ஜென்மத்திலும் வராது. ஆக, அவர்கள் வாங்க வேண்டிய நாள் என்று ஒன்று வரவே வராது. இதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. எவ்வளவு விளையும் என்று சரியாகத் தெரிந்த ஒருவர், அதைவிட ஐந்து மடங்கு உயரத்தில் கோட்டைக் கிழித்திருக்கிறார். வகுப்பில் மறைத்த அந்த எண் ஒப்பந்தம் எழுதும்போது மட்டும் அவர்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்திருக்கிறது.

கொங்கு நாட்டுக்கு இது புதிதல்ல. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோதும் இதே பாட்டுதான்: குஞ்சு நாங்கள் தருகிறோம், தீவனம் நாங்கள் தருகிறோம், வளர்ந்ததை நாங்களே வாங்குகிறோம். எங்கள் வகுப்பில் வாழப்பாடியிலிருந்து வந்த அக்கா ஒருவர் அதிலும் பணம் விட்டவர். இதற்கு நகையை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். "கோழி என்றால் தீனி தின்று கடனாக்கும், இது கிழங்குதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன் தம்பி" என்றார். அவரிடம் பணம் வாங்கியதற்கு ஜிஎஸ்டி எண் போட்ட ரசீதுகூடக் கிடையாது. 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு. பணம் போனது ஒரு தனிநபரின் கணக்குக்கு.

இணையத்தில் இன்னொரு கூட்டம் 'குங்குமப்பூ விதை' என்று பாக்கெட் விற்கிறது. அதற்கு ஐம்பது ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். குங்குமப்பூச் செடி மலட்டுச் செடி, விதையே வைக்காது. கிழங்கிலிருந்து கிழங்கு வந்தால்தான் உண்டு. விதை என்று வருவது எண்ணெய் வித்துச் செடியான குசும்பாவாக இருந்தால் அதுவே அதிர்ஷ்டம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு, வக்கீலிடம் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிட வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்; பொருளுக்குக் கட்டிய பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது; காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு முதலில் வைக்கிற வாதம், "இவர் வியாபாரத்துக்காக வாங்கினார், ஆகவே நுகர்வோரே அல்ல" என்பது. எனக்கும் அதைத்தான் பதிலாக அனுப்பியிருக்கிறார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிய பொருளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. புகாரின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மூட்டையைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்திருந்தால் பத்திரப்படுத்துங்கள். கெட்டுப்போன கிழங்கு என்று எல்லாவற்றையும் குப்பையில் கொட்டாமல், கொஞ்சத்தைக் காயவைத்து எடுத்து வையுங்கள். விளக்குப் பெட்டி, பிரசுரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள்.

வளர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், எட்டு கிராமுக்கு மேற்பட்ட கிழங்கை எண்ணி வாங்கி ஒரு தட்டில் வைத்துப் பாருங்கள். வருமானத்துக்கென்றால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ போய், நம் தட்பவெப்பத்துக்கு எது வரும் என்று முதலில் கேளுங்கள். அங்கே யாரும் உங்களிடம் ஒப்பந்தம் நீட்டமாட்டார்கள்.

போன வாரம் ஐந்து ரோடு பக்கம் போனபோது அந்த மாடியில் பெயர்ப் பலகை மாறியிருந்தது. குங்குமப்பூ இல்லை, இப்போது 'குறைந்த முதலீட்டில் அறைக்குள் காளான், 100 சதவீத மறுகொள்முதல்' என்று இருக்கிறது. நுழைவுக் கட்டணம் 1,500 ரூபாய், மதிய உணவு இலவசம். கீழே போட்டிருக்கிற கைபேசி எண் மட்டும் பழையதுதான்.