12-ஆ, 20-ஆ? மேட்டுநிலப் பறவை வேட்டைக்கான துப்பாக்கியும் ரவையும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், வடக்கே ஆஸ்பென் மரக் காட்டில் க்ரௌஸ் என்ற கோழியினப் பறவையைத் தேடி நடக்கும் நாட்களில் நான் கடிகாரம் பார்ப்பதில்லை. இடது தோள்பட்டை எப்போது வலிக்க ஆரம்பிக்கிறது என்பதுதான் கணக்கு. முதல் இரண்டு பருவங்கள் 12 கேஜ் பம்ப் துப்பாக்கியோடு (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) அலைந்தேன். எடை மூன்றரை கிலோ. காலையில் மார்புக்குக் குறுக்கே தயாராகப் பிடித்திருந்தது, மதியத்துக்குள் விறகுக்கட்டை மாதிரி தோளில் ஏறிவிடும். பறவை எழும்புவதும் சரியாக அந்த நேரத்தில்தான். 20 கேஜுக்கு மாறிய பிறகு என் குறி ஒன்றும் கூர்மையாகிவிடவில்லை. பறவை எழும்பும்போது துப்பாக்கி கையில் இருந்தது, அவ்வளவுதான்.

கேஜ் என்பதைத்தான் ஊரில் ‘போர்’ என்பார்கள். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுதான் 12 கேஜ் குழலின் உள்விட்டம்: சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 கேஜுக்கு 15.6, 28 கேஜுக்கு 14. எண் ஏற ஏற குழல் சிறுக்கும். ரவை என்றதும் உப்புமா ஞாபகம் வருகிறவர்களுக்கு: இங்கே ரவை என்பது தோட்டாவுக்குள் இருக்கும் குண்டுமணிகள். இன்னொன்று, இந்தியாவில் காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது குற்றம். நான் சொல்வதெல்லாம் அமெரிக்காவில் உரிமம் எடுத்து, பருவம் பார்த்து, எண்ணிக்கைக்குள் நின்று சுடுவதைப் பற்றி.

காட்டில் ஆரம்பிப்போம். ரஃப்டு க்ரௌஸ் அரை கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். சடசடவென்று எழும்பி, ஒரு மரத்தின் பின்னால் மறைய அதற்கு இரண்டு நொடி போதும். 15, 20 மீட்டருக்குள்தான் எல்லாம். இங்கே 12 கேஜின் கூடுதல் பலத்துக்கு வேலையே இல்லை. 20 கேஜில் முக்கால் முதல் ஒரு அவுன்ஸ் ஈயம், ஏழரை எண் ரவை (ரவையிலும் எண் ஏற ஏற மணி சிறுக்கும்). அவுன்ஸுக்கு 350 மணிகள், ஒவ்வொன்றும் 2.4 மில்லிமீட்டர். சோக், அதாவது ரவை சிதறாமல் இருக்கக் குழல் வாயில் வைக்கும் குறுக்கம், எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. முழுச் சோக் 40 கெஜத்தில் 70 சதவீத மணிகளை 30 அங்குல வட்டத்துக்குள் அடக்கும், சோக்கே இல்லாத குழல் ஏறக்குறைய 40 சதவீதத்தை. நெருங்கிய காட்டுக்கு இரண்டாவதுதான் வேண்டும். முழுச் சோக்கில் 15 மீட்டரில் அடித்தால், ஒன்று பறவை தப்பும், இல்லையென்றால் சமைக்க ஒன்றும் மிஞ்சாது.

துப்பாக்கியின் வகையில் நான் மேல்-கீழ் இரட்டைக்குழல் கட்சி. பம்பிலும் தானியங்கியிலும் தோட்டா முன்னும் பின்னும் நகர இடம் வேண்டும். அதனால் ஒரே குழல் நீளத்துக்கு மொத்தத் துப்பாக்கி எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் நீண்டுவிடும். அடர்ந்த புதரில் அந்த எட்டு சென்டிமீட்டர்தான் கிளையில் மாட்டும். இரண்டு குழலுக்கும் இரண்டு சோக் வைத்துக்கொள்ளலாம். வேலி தாண்டும்போது மடக்கித் திறந்து வைத்தால், தோட்டா இல்லை என்பது கூட வருபவருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். கெடுதல் விலைதான். 1973-இல் வந்து இன்றும் ஜப்பானில் தயாராகும் பிரௌனிங் சிட்டோரி இந்த வகையில் சாமானியன் எட்டக்கூடியது என்கிறார்கள். என் வீட்டில் அந்த வார்த்தையை ஏற்றுக்கொள்ளவில்லை. காசு முக்கியம் என்றால் 1950 முதல் வரும் ரெமிங்டன் 870 பம்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கேஸால் இயங்கும் தானியங்கிகள் தோளில் குறைவாக உதைக்கும், ஆனால் கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியானால் முரண்டு பிடிக்கும்.

28 கேஜ் பொம்மை மாதிரி அழகு. ஜார்ஜியாவில் நாய் அசையாமல் நின்று காட்டும் பாப்வைட் காடைக்கு அதன் முக்கால் அவுன்ஸ் தாராளம். 16 கேஜும் நல்ல அளவுதான், ஆனால் சின்ன ஊர்க் கடையில் தோட்டா கேட்டுப் பாருங்கள்.

சரி, சவுத் டகோட்டாவுக்கு வருவோம். அங்கே கதை வேறு. 1919 முதல் அங்கே ஃபெசன்ட் என்ற நீண்ட வால் காட்டுக்கோழிக்கு வேட்டைப் பருவம் உண்டு. பறவையே சீனாவிலிருந்து வந்து குடியேறியதுதான். சேவலை மட்டும் சுடலாம், ஒரு நாளைக்கு மூன்று. ஒன்றேகால் கிலோ எடை, தடித்த இறகு, பறப்பதைவிட ஓடுவதில் ஆர்வம். அக்டோபரில் காலடியில் எழும்புகிற சேவல், டிசம்பரில் காரின் கதவுச் சத்தத்துக்கே 40 மீட்டர் தள்ளி எழும்பும். அங்கே ஏழரை எண் ரவையால் அடிப்பது பாவம். பறவை விழாது, காயத்தோடு ஓடிப் புல்லுக்குள் மறைந்துவிடும். ஐந்தாம் எண் ஈயம் ஒன்றேகால் அவுன்ஸ் என்பது என் தேர்வு. நிக்கல் பூசிய ரவை கடினமாக இருப்பதால் உருக்குலையாமல், இறகை உள்ளே இழுக்காமல் போகும். ஃபியோக்கி நிறுவனத்தின் கோல்டன் ஃபெசன்ட் தோட்டா அந்த ரகம். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிக் கைவினைஞர்களின் கணக்கு ஒன்று உண்டு: ரவை எடையைப் போல 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும். ஒரு அவுன்ஸுக்கு ஆறு பவுண்டு, ஒன்றேகாலுக்கு ஏழரை. ஆக, காட்டில் நான் திட்டிய அந்த எடைதான் இங்கே தோளைக் காப்பாற்றுகிறது.

இதுவரை சொன்னது ஈயக் கணக்கு. இரும்பு ரவை வந்தால் தராசு சாய்ந்துவிடும், வாங்குவதற்கு முன்னால் பலரும் யோசிக்காத இடம் இதுதான். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் 1991 முதல் அமெரிக்கா முழுக்கத் தடை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் தடை. மினசோட்டா, டகோட்டாக்களில் நீர்ப்பறவைகளுக்காக மத்திய அரசு வாங்கிப் போட்டிருக்கும் பொதுநிலங்களில் ஃபெசன்ட் சுடுவதானாலும் நச்சற்ற ரவைதான். காரணம் நியாயமானது: ஈயத்தைத் தின்ற வாத்தும், அடிபட்ட பறவையைத் தின்ற கழுகும் சாகின்றன.

இரும்பின் அடர்த்தி ஈயத்தில் முக்கால் பங்குகூட இல்லை. அதே தாக்குதலுக்கு இரண்டு எண் பெரிய மணி வேண்டும்: ஆறாம் எண் ஈயத்துக்குப் பதில் நான்காம் எண் இரும்பு. ஒரே எடைக்கு இரும்பு அதிக இடத்தையும் அடைக்கும். 20 கேஜ் தோட்டாவில் ஒரு அவுன்ஸ் ஆறாம் எண் ஈயம் போட்டால் 225 மணிகள். அதே உறையில் இரும்பு முக்கால் அவுன்ஸ்தான் பிடிக்கும் என்றால், நான்காம் எண்ணில் கிடைப்பது 145-க்குப் பக்கம். 12 கேஜில் ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் இரும்புக்கு 215 வரை வரும். காட்டில் தோற்ற 12 இங்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. 20-ஐக் கைவிட மனமில்லை என்றால் பிஸ்மத் என்ற உலோக ரவை இருக்கிறது, அடர்த்தி ஈயத்துக்குக் கிட்டத்தட்ட நெருங்கும், இறுக்கமான சோக் உள்ள பழைய குழலையும் கெடுக்காது. விலைதான் இரண்டு மூன்று மடங்கு. நாளைக்கு நாலைந்து முறை சுடும் வேட்டையில் நான் அதைக் கொடுத்துவிடுவேன்.

நெவாடா மலைச்சரிவில் வாழும் சுக்கார் என்ற கவுதாரிக்கு மட்டும் கேள்வியே இல்லை: எது இலேசோ அது. நம் கவிதைகளில் நிலவொளியைக் குடித்து வாழும் சகோரப் பறவையின் பெயர்தான் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உருமாறிச் சுக்கார் ஆனது. நேரில் பார்த்தால் நிலவைக் குடிக்கிற சாயல் இல்லை. மூச்சு வாங்க நாம் ஏறி முடிக்கும்போது இன்னொரு மேட்டுக்குப் போய்விடுகிற சாமர்த்தியம்தான் தெரிகிறது.

ஆக, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பொதுநிலத்தில் ஃபெசன்ட் சுடுகிறவருக்கு 12, மற்றவர்களுக்கு 20. இரண்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 20 கேஜ் தோட்டா தவறி 12 கேஜ் குழலுக்குள் விழுந்தால், வழுக்கிப் போய்க் கொஞ்ச தூரத்தில் மாட்டி நிற்கும். பின்னால் 12-ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் உறைகளை மஞ்சள் நிறத்தில் செய்வது அதனால்தான். துப்பாக்கி மாற்றும் நாளில் வேட்டை அங்கியின் பைகளை வெளியே இழுத்துக் கவிழ்த்து உதறுகிறேன். போன நவம்பரில் ஒரு மஞ்சள் தோட்டா விழுந்தது, கூடவே நாய்க்கு வைத்திருந்த பிஸ்கட் தூளும்.