பித்தளை ஹெட்லைட் வாங்குபவர்கள் கவனத்துக்கு: பெயர்த்தகடு பழசு, விளக்கு புதுசு

ஆரம்பகால கார்களுக்கு ஒரிஜினல் பாகம் தேடிக்கொண்டிருப்பவர்கள், அதுவும் ஃபோர்டு மாடல் டி வைத்திருப்பவர்கள், யாருக்காவது பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 1911 மாடல் டி ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். அதற்கென்று வாங்கிய ஒரு ஜோடி ஹெட்லைட்டில் திட்டமிட்டு ஏமாற்றியிருக்கிறார்கள்.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன, அதனால் மாடல் டி பாகம் எங்கேயும் கிடைக்கும் என்பார்கள். பிற்கால வண்டிகளுக்கு அது ஓரளவு சரி. பித்தளைக் காலத்து வண்டிக்கு, அதாவது விளக்கு முதலியவை பித்தளையில் வந்த ஆரம்பகால வண்டிக்கு, சரிவராது. அந்த ஹெட்லைட்டுகளுக்கு மின்சாரமே கிடையாது. ஃபுட்போர்டில் உள்ள கலனில் கார்பைடு மேல் தண்ணீர் சொட்டும். அதிலிருந்து கிளம்பும் அசிட்டிலீன் வாயு குழாய் வழியாக விளக்குக்குப் போய் எரியும். 1915 மாடலில் மின்விளக்கு வந்த பிறகு வாயு விளக்கைக் கழற்றிப் போட்டவர்கள் ஏராளம். மிஞ்சியவற்றுக்கு இன்று அவ்வளவு கிராக்கி.

விற்றவர் சொன்னது இதுதான்: ஒரே வண்டியிலிருந்து கழற்றிய ஜோடி, டெட்ராய்ட் எட்மண்ட்ஸ் அண்ட் ஜோன்ஸ் தயாரிப்பு, எதையும் மாற்றவில்லை. படத்தில் ஒரு விளக்கின் வளையத்தில், கீலுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நசுங்கல் தெரிந்தது. எனக்கு நம்பிக்கை தந்ததே அந்த நசுங்கல்தான். பார்சலைப் பிரித்தால் இரண்டு வளையமும் வட்டமாக, வழவழவென்று இருக்கின்றன. நசுங்கலைக் காணோம். படத்தில் இருந்தது வேறு விளக்கு.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். உண்மையான பித்தளைக் களிம்பு மடிப்பிலும் மூலையிலும் கெட்டியாக ஏறியிருக்கும், கை படும் இடத்தில் தேய்ந்து பளிச்சென்று இருக்கும். இதில் மூலை முடுக்கு எல்லாம் ஒரே பழுப்பு. மருந்து போட்டுக் கொண்டுவந்த நிறம். விளக்கின் மேலே உள்ள புகைபோக்கியின் உள்ளே டார்ச் அடித்தேன். வருடக்கணக்கில் தீ எரிந்த இடத்தில் கரியோ, சூட்டில் பித்தளை கறுத்த தடமோ இருக்க வேண்டும். இங்கே தகடு நேற்று வெட்டியது போல மஞ்சளாக மின்னியது. கீல் ஸ்குரூவைக் கழற்றி மரையின் பல் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை வைத்தால் மில்லிமீட்டர் அளவுப் பல்தான் அச்சாகப் பொருந்துகிறது, அங்குல அளவு இல்லை. அமெரிக்காவில் 1911-ல் செய்த விளக்குக்கு மெட்ரிக் மரை எங்கிருந்து வந்தது?

பெயர்த்தகடு மட்டும் அசல். அதன் துளைகள் நெம்பி எடுத்ததில் நீண்டிருந்தன, அவற்றில் புது ரிவெட் அடித்திருந்தார்கள். எங்கோ ஒரு நல்ல விளக்கைச் சிதைத்து எடுத்த தகடு அது. என் பணம் போனதைவிட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் செய்த பாகம் என்று சொல்லியே விற்கும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். அவர்களால்தான் பல பழைய வண்டிகள் ஓடுகின்றன, அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். புதியதைப் பழையது என்று விற்பதைத்தான் சொல்கிறேன். அந்தப் பொய் அடுத்த கைக்கும் போகும். இன்னும் கொஞ்ச காலத்தில் எது அசல் என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும்.

விற்றவரிடம் கேட்டேன். உள்ளே துடைத்துக் கொடுத்தேன் என்றார். உள்ளே துடைத்தவர் வெளியே அழுக்கை விட்டுவைப்பாரா? அடுத்து, வெளியூரில் இருக்கிறேன், வந்து பேசுகிறேன் என்று இழுத்தார். பணம் செலுத்திய வழியில் புகார் கொடுப்பதற்கான கெடு முடிந்ததும் பேச்சே மாறிவிட்டது: இருந்தபடியே விற்ற பொருள், திருப்பி எடுக்க முடியாது. ஆகவே, பொருள் கையில் வந்த அன்றே புகாரைப் பதிந்துவிடுங்கள். பேச்சுவார்த்தையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இந்த வகை விளக்கு வாங்குவதாக இருந்தால் மூன்று படங்கள் கேளுங்கள்: புகைபோக்கியின் உட்புறம், பெயர்த்தகட்டின் ரிவெட்டுகள், கழற்றிய ஒரு ஸ்குரூ அளவுகோலோடு. அங்குல மரை இருப்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது, மெட்ரிக் இருந்தால் குறைந்தது அந்த ஸ்குரூவாவது அசல் இல்லை. படத்தில் உங்கள் பெயரை எழுதிய ஒரு தாளும் பக்கத்தில் இருக்கட்டும். பழைய படத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது. இதே கும்பல் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பற்றவைப்புக் காயில்களும் விற்கிறது. மரப்பெட்டி பழசாகவே இருக்கலாம், உள்ளே உள்ள பழைய காகிதக் கெப்பாசிட்டர் மாற்றப்பட்டதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

என்னிடம் வந்த இரண்டு விளக்குகளின் உட்புறத்திலும் ‘மறுதயாரிப்பு’ என்று பொறித்துவிட்டேன். அந்த நசுங்கல் படம் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது, இந்த முறை 1910 வண்டியுடையது என்ற விளக்கத்தோடு. வலப்பக்க விளக்கு, கீலுக்குச் சற்று மேலே. பார்த்தால் முன்பணம் அனுப்பாதீர்கள்.